கரிசலில் ராப் பாடுவதற்கு ஓர் இலக்கணம்

ஹிப்ஹாப்பையும் நாட்டுப்புறக் கதைப்பாட்டையும் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விக்கு விளாத்திகுளம் கரிசல் வட்டாரத்திலிருந்துதான் விடை தேடத் தொடங்க வேண்டும். இதுவே இச்சிறுநூல் நுதலிய பொருள். சென்னையில் கருவிகள் இருக்கின்றன, ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. ஆனால் தாளத்தில் பேசுவதையும் ராகத்தில் பாடுவதையும் ஒரே மேடையில் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எங்கே தாவ வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய கூட்டம் இந்தத் தென்சீமையில்தான் இருக்கிறது. அவர்கள் வில்லுப்பாட்டுக்காரர்கள்.

முதலில் அளவுகோல். தொல்காப்பியர் செய்யுளியலில் எட்டு வனப்புகளைச் சொல்கிறார். அவற்றில் மூன்று நமக்கு வேண்டும். பழங்கதையை உரைநடை கலந்து சொல்வது தொன்மை. தெருவில் பேசும் சொல்லால், ஆராய்ந்து பொருள் தேட வேண்டாதபடி செய்வது புலன். முன்பு இல்லாத புது யாப்பில் செய்வது விருந்து. இந்த மூன்றும் ஒரே பாட்டில் கூடினால் அது முறையான கலப்பு. ஒன்று குறைந்தாலும் அது ஒட்டுவேலைதான். ராப்புக்கு இலக்கணம் எழுத நமக்கு வெளியிலிருந்து எதுவும் தேவைப்படவில்லை என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அமெரிக்க வழக்கு ஒன்றை இந்த அளவுகோலால் தீர்த்துவிட்டு ஊருக்குத் திரும்பலாம். 2018 டிசம்பரில் லில் நாஸ் எக்ஸ் என்ற இளைஞர் ‘ஓல்ட் டவுன் ரோடு’ என்ற பாட்டை வெளியிட்டார். பான்ஜோ ஒலியின் மேல் ராப் தாளம், குதிரைக்காரன் பேச்சு, மொத்தம் 1 நிமிடம் 53 விநாடி. 2019 மார்ச்சில் பில்போர்டு நிறுவனம் அதைக் கன்ட்ரி பாடல் பட்டியலிலிருந்து நீக்கியது. இன்றைய கன்ட்ரி இசையின் கூறுகள் அதில் போதவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. நீக்கியவர்களின் காரணம் தவறு. பான்ஜோவே மேற்கு ஆப்பிரிக்கக் கருவிகளின் வழியில் அடிமைகளோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. தாளத்தில் பேசும் பாணியும் கன்ட்ரிக்குப் புதிதில்லை. கிறிஸ் பூஷிலான் என்ற வெள்ளைக்காரத் தென்னாட்டுப் பாடகர் 1926இலேயே ‘டாக்கிங் ப்ளூஸ்’ என்று பேச்சுப் பாட்டைப் பதிவு செய்துவிட்டார். ஆகவே அந்தப் பாட்டு விருந்து, புலன் என்ற இரண்டிலும் தேறுகிறது. தேறாதது தொன்மையில்: அதில் கதை இல்லை. நீக்க வேண்டும் என்றால் அதற்காக நீக்கியிருக்க வேண்டும்.

கதை உள்ள பாட்டு வேறு. 1895 கிறிஸ்துமஸ் இரவில் செயின்ட் லூயிஸ் நகரத்து மதுக்கடையில் லீ ஷெல்டன் என்பவர் பில்லி லயன்ஸ் என்பவரைச் சுட்டுக் கொன்றார். சண்டையில் பறிபோன ஒரு தொப்பிதான் காரணம். அது ‘ஸ்டாகர் லீ’ என்ற கதைப்பாட்டாகியது; அதை மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் கிதாரோடு ப்ளூஸாகப் பாடிப் பதிந்தார். அதே கதை சிறைகளிலும் கடைகளிலும் எதுகை போட்டுப் பேசும் ‘டோஸ்ட்’ என்ற வடிவத்திலும் உலவியது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற டி.ஜே. ஓர் இசைத்தட்டின் தாளப்பகுதியை மட்டும் இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டியபோது, அந்த இடைவெளியில் நின்று பேசத் தேவையான நாக்கு கறுப்பின மக்களிடம் ஏற்கெனவே பழகியிருந்தது. ராப் ப்ளூஸிடம் போய்க் கலக்கவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை.

நம் வீட்டிலும் அப்படி ஒரு பிறப்பு உண்டு. அதை யாரும் பேசாதது எனக்கு வருத்தம். நொண்டி நாடகத்தைச் சொல்கிறேன். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் தென்தமிழ்நாட்டில் பரவியிருந்த சிற்றிலக்கியம் அது. ஒற்றைக்காலன் ஒருவன் மேடைக்கு வந்து தன் வாயாலேயே தன் கதையைச் சொல்வான். நல்ல குடியில் பிறந்தேன், தாசி வீட்டில் பணத்தைத் தொலைத்தேன், திருடப் பழகினேன், குதிரை திருடப் போய்ப் பிடிபட்டேன், காலை வெட்டினார்கள் என்று முழுக்கத் தன்மையிடத்தில், பெருமையும் கழிவிரக்கமும் மாறிமாறி வர. கடைசியில் தெய்வ அருளால் கால் வளரும். திருச்செந்தூருக்கு ஒரு நொண்டி நாடகம் இருக்கிறது. கீழக்கரை வள்ளல் சீதக்காதி மேல் ஒன்று இருக்கிறது. அதை எட்டயபுரத்து உமறுப்புலவர் பாடியதாகச் சொல்வார்கள். சீறாப்புராணம் பாடியவர் என்றே நாம் அறிந்த பெரும்புலவரின் பெயரோடு, திருடன் தன் திருட்டைத் தானே சொல்லும் பாட்டையும் இந்தச் சீமை சேர்த்து வைத்திருக்கிறது. விளாத்திகுளம் அன்று எட்டயபுரம் ஜமீன் ஊர். நொண்டி நாடகத்துக்கு உரிய யாப்பு நொண்டிச் சிந்து. அதே எட்டயபுரத்தில் பிறந்த பாரதி 1912இல் பாஞ்சாலி சபதத்துக்கு அந்தச் சிந்தைத்தான் பெரிதும் எடுத்துக்கொண்டார். திருடன் வாய்க்கு வெட்டிய யாப்பு பாஞ்சாலியின் நீதிக்கு உதவியது. குற்றம் செய்தவன் தன் தெருவையும் தன் தப்பையும் தானே தாளத்தில் சொல்வதை ராப்பின் கண்டுபிடிப்பு என்று நினைக்கும் இளைஞர்கள் இந்த நூல்களைத் தேடிப் படிக்க வேண்டும்.

இனி வில்லுப்பாட்டின் அமைப்பு. இதில்தான் என் முழு வாதமும் நிற்கிறது. நடுவில் தலைமைப் பாடகர், புலவர் அல்லது அண்ணாவி. இன்று தெற்கே பல குழுக்களில் அந்த இடத்தில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் முன்னால் மணிகள் தொங்கும் நீண்ட வில், அதைக் குடத்தின் மேல் பொருத்தியிருக்கும். இரண்டு கைகளிலும் வீசுகோல். பக்கத்தில் உடுக்கு, தாளம், கட்டை. குடத்தின் வாயில் மட்டை விழும்போது எழும் கும்மென்ற ஓசை இன்றைய ராப்பில் இயந்திரம் தரும் அடித்தாளத்தின் வேலையை அப்படியே செய்கிறது. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், கதை, வாழி என்று வரிசை. கதைப்பகுதியில் தலைவர் ஓரடி பாட, பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுவார்கள். பிறகு பாட்டு நின்று வசனம் வரும். வசனத்தின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பக்கத்திலிருப்பவர் ‘ஆமா’ போடுவார். கதை உச்சத்துக்கு ஏற ஏற வசனம் வேகமெடுத்து, சந்தம் பிடித்து, பேச்சா பாட்டா என்று பிரிக்க முடியாத நிலைக்கு வரும். கோயில் கொடையில் தெய்வத்தின் கதை அந்த இடத்தைத் தொடும்போதுதான் சாமியாடிக்கு அருள் வரும்.

ராப் நுழைய வேண்டிய இடம் அதுதான். பாட்டுக்கும் வசனத்துக்கும் நடுவிலுள்ள அந்தச் சந்தப் பேச்சில். இன்று பெரும்பாலான கலப்புகள் எதிர்த்திசையில் போகின்றன. கிராமத்துப் பாட்டி குரலில் ஒரு பல்லவி, பறையில் நாலு அடி, பிறகு ஊர் பேர் தெரியாத தற்பெருமையாக ராப், மறுபடி பல்லவி. நாட்டுப்புறம் வாசலில் தோரணமாகத் தொங்குகிறது. வீட்டுக்குள் அதற்கு இடமில்லை. நாட்டுப்புறத்திலிருந்து எடுக்க வேண்டியது மெட்டு மட்டுமில்லை. கதை எடுத்துச் சொல்லும் ஒழுங்கை எடுக்க வேண்டும்.

ஒழுங்கை எடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. மலேசியாவின் யோகி பி குழு 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்து, தமிழ் ராப்பைத் தமிழ் உச்சரிப்பிலேயே நிறுத்திக் காட்டியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் சமமாக நின்றன. கானா தன் பங்குக்குச் சாவு வீட்டில் விடிய விடியக் கதை சொல்லிப் பழகிய பாட்டு. அந்தக் குழுவிலிருந்து வந்த அரக்கோணத்து அறிவு, 2021 மார்ச்சில் பாடகி தீயோடும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனோடும் சேர்ந்து ‘எஞ்சாய் எஞ்சாமி’யைத் தந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதன் வேர். ஒப்பாரிச் சாயலும் ராப்பும் அதில் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடுகின்றன. தொன்மை, புலன், விருந்து மூன்றும் கூடிய பாட்டு என்று தயங்காமல் சொல்வேன். ஒரு குறை மட்டும்: கதைக்குக் கொடுத்த இடம் போதாது. வள்ளியம்மாளின் வாழ்க்கை ஓர் இரவு முழுக்க வில்லில் நிற்கக்கூடியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அந்தப் பாட்டுக்கான பெருமை பேசப்பட்டபோது அறிவின் முகம் அதில் இல்லை. குருவை வணங்கும் குருவடி பாடாமல் கதை தொடங்கக் கூடாது என்ற வில்லுப்பாட்டு விதியை அறிந்தவர்கள் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

எதுகையைப் பற்றி ஒரு விதி. ஆங்கில ராப் அடியின் கடைசியில் ஓசை பொருத்தும். அந்த மொழியில் அது கடினம், ஆகையால் கேட்க இனிது. தமிழில் அடியின் கடைசியில் வினைமுற்று வரும். வந்தான், போனான், நின்றான், தின்றான் என்று விகுதியே இலவசமாக ஓசையைத் தந்துவிடும். இலவசமாக வருவதில் சுவை இல்லை. தமிழ் ராப் பல சமயம் சலிப்பூட்டுவதற்கு இதுவே காரணம் என்பது என் முடிவு. நம் செவி அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் காத்திருக்கிறது. மோனையும் எதுகையும் முன்னால் நிற்கட்டும். நடுவில் குறில்கள் அடுக்கி வேகமெடுத்து முடுகட்டும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்தில் இந்த வித்தையை முற்றாகச் செய்து காட்டியிருக்கிறார். மூச்சு விடும் இடம் உட்பட, ராப்பர் ஒருவர் கற்க வேண்டியது அனைத்தும் அங்கே இருக்கிறது.

மூச்சு என்றதும் விளாத்திகுளம் சுவாமிகளைச் சொல்லாமல் போக முடியாது. நல்லப்ப சுவாமிகள், 1889இல் பிறந்து 1965இல் மறைந்தவர். கீர்த்தனை, சாகித்தியம் எதையும் நாடாமல், ஒரே ராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்தவர். காருகுறிச்சி அருணாசலம் போன்ற பெரும் நாதஸ்வர வித்துவான் அவரை வணங்கிக் கேட்டிருக்கிறார். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் அவரிடம் சங்கீதம் பயின்றவர். ராப் ராகத்தை விட்டுச் சொல்லை வைத்துக்கொண்டது; சுவாமிகள் சொல்லை விட்டு ராகத்தை வைத்துக்கொண்டார். இரண்டு எல்லைகளிலும் நடப்பது ஒன்றுதான்: எழுதி வைத்ததைப் படிக்காமல், அந்த நேரத்தில் தோன்றுவதை மூச்சின் கணக்கில் விரிப்பது. அவரிடம் சங்கீதம் படித்த கி.ரா. பாடகராகாமல், கரிசல் பேச்சின் ஓசையை அப்படியே எழுத்தில் பிடித்தவராக ஆனார். அவர் 1982இல் கொண்டுவந்த வட்டார வழக்குச் சொல்லகராதி, கரிசலில் ராப் எழுத நினைக்கும் யாருக்கும் முதல் நூல். இந்த இரண்டு எல்லைகளையும் ஒரே வட்டாரம் கண்டிருக்கிறது என்பதால்தான் இங்கே தொடங்க வேண்டும் என்கிறேன்.

ப்ளூஸுக்கும் கரிசலுக்கும் மண்ணின் வழியாகவும் ஓர் உறவு உண்டு. ப்ளூஸ் பருத்திக்காட்டுப் பாட்டு. நம்முடையதும் பருத்தி விளையும் கரிசல். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரில் அங்கத்திய பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்குப் போகாமல் நின்றபோது, திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு விலை ஏறி, மூட்டைகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஓடின. போர் முடிந்ததும் விலை விழுந்தது. மிசிசிப்பி அடிமையின் விடுதலையும் நம் சம்சாரியின் கடனும் ஒரே சந்தையில் கோர்க்கப்பட்டிருந்தன. இதைக் கதையாகப் பாடினால் இரண்டு மண்ணும் ஒரே பாட்டில் நிற்கும். இதுவரை அப்படி ஒரு பாட்டு என் காதுக்கு எட்டவில்லை.

நாட்டுவளத்துக்குச் சரக்கு குறைவில்லை. வில்லுப்பாட்டில் அந்தப் பகுதி வயலையும் ஆற்றையும் புகழும். இன்று பாடுபவர் காடல்குடி, புதூர், நாகலாபுரம், சூரங்குடி, குளத்தூர், வேம்பார் என்று ஊர்ப்பெயர்களை முடுகிலே அடுக்கிவிட்டு, உள்ளதைச் சொல்ல வேண்டும். புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பது, காய்ந்த வத்தலுக்கு விலை கேட்பது, மக்காச்சோளத்தில் இரவில் பன்றி இறங்குவது. சீமைக் கருவேலை வெட்டி, அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரிமூட்டம் போடுபவர்களின் கண்ணெரிச்சல். வேம்பார்க் கரையில் அம்பா பாடி வலை இழுத்தவர்கள். அந்த அம்பாவிலும் ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்வதே முறை, ஆக அது இந்தக் கலப்புக்குள் தானாகவே நுழையும். முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவில்லை. ஆழத்தில் மூச்சடக்கி இறங்கியவனின் கதையை, மூச்சை வைத்தே பிழைக்கும் கலையான ராப்பில் சொல்வதைவிடப் பொருத்தம் வேறில்லை.

ஒரு மறுப்பையும் எடுத்துக்கொள்வோம். வில்லுப்பாட்டு தெய்வத்துக்கு உரியது. அதில் ராப் சேர்ப்பது கொடையின் புனிதத்தைக் கெடுக்கும் என்பார்கள். முத்துப்பட்டன் கதையை நினைத்துப் பார்க்கட்டும். பிராமணன் ஒருவன் சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, செருப்புத் தைத்து, மாட்டைக் காக்கப் போராடிச் செத்துத் தெய்வமான கதை அது. ஊர் அதிகாரம் ஏற்காத ஒன்றை விடிய விடியச் சொல்லி அதைக் கும்பிடவும் வைத்த கலை, புதிய யாப்பு ஒன்று வந்து சேர்வதற்குப் பயப்படாது. நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாட்டுகளைப் பதிப்பித்தபோது அவற்றை இறந்த ஏடுகளாகக் கருதவில்லை; பாடும் மக்களோடு சேர்த்தே ஆராய்ந்தார்.

கொடையிலேயே சேர்க்க வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. தெய்வக் கதைக்கு உரிய நேரம் தெய்வத்துக்கே இருக்கட்டும். பள்ளி ஆண்டுவிழா, பொங்கல் விளையாட்டு விழா, சங்கக் கூட்டம் என்று வில் ஏறும் வேறு மேடைகள் உண்டு. எய்ட்ஸ் விழிப்புணர்வு முதல் தேர்தல் பிரசாரம் வரை அந்த மேடைகளில் வில் ஏற்கெனவே பாடியிருக்கிறது. ராப் தெரிந்த பிள்ளை ஒருவர், வில் தெரிந்த அண்ணாவி ஒருவர், இருவரும் சமமாக உட்கார வேண்டும். மைக் இருவருக்கும் ஒரே உயரம். வருமானம் குழு வழக்கப்படி பங்கு. முதல் அரங்கேற்றத்துக்கு நொண்டியை எடுக்கலாம்: காலத்தை மட்டும் இன்றைக்கு மாற்றி, குதிரைக்குப் பதில் பைக் திருடி மாட்டிய ஒருவன் தன் வாயால் சொல்வதாக. சிந்து வரும் இடத்தில் வில் அடிக்கட்டும், வசனம் வரும் இடத்தில் ராப் ஓடட்டும், இரண்டுக்கும் ‘ஆமா’ போடப் பின்பாட்டுக்காரர் வேண்டும். அந்த ‘ஆமா’வை மட்டும் கம்ப்யூட்டரில் பதிந்து ஓட்டக் கூடாது, அதைப் போடுகிறவர் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பவராக இருக்க வேண்டும்.