வாலிப வயோதிக மாப்ளைக்கு

ஊசி போட்டாச்சாமே மாப்ள! ஜெயங்கொண்டம் மருந்துக் கடையில நீ கைக்குட்டையால மூஞ்சிய மூடிக்கிட்டு வாங்கின சங்கதி, நீ உடையார்பாளையத்துல பஸ்ஸ விட்டு எறங்கறதுக்கு முன்னாடியே டீக்கடைக்கு வந்துடுச்சு. வெக்கப்படாத. நான் கம்பவுண்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். இந்த ஊர் ஆம்பளைங்க ரகசியம் பாதி என் மடியிலதான் முடிஞ்சு கெடக்கு.

டெஸ்டோஸ்டிரோன். சொல்லிப் பாத்தேன், பல்செட்டு கழண்டுக்கும் போலருக்கு. ஆனா இந்த ஆசை ரொம்பப் பழசு. 1849ல பெர்த்தோல்ட்னு ஒரு ஜெர்மன்காரரு சேவலுக்குக் காயடிச்சுப் பாத்தாரு. கொண்டை சுருங்கிச்சு, கூவறத விட்டுச்சு, பெட்டைய ஏறெடுத்தும் பாக்கல. விதைய வயித்துக்குள்ள திருப்பி வச்சாரு, பழையபடி சண்டைக்கு நின்னுச்சு. நாப்பது வருஷம் கழிச்சு பாரிஸ்ல பிரௌன் செக்கார்னு 72 வயசுப் பெரியவரு நாய் விதையையும் கினிப்பன்றி விதையையும் அரைச்சுச் சாறெடுத்துத் தனக்கே ஊசி போட்டுக்கிட்டு, வாலிபம் திரும்பிடுச்சுன்னு சபையில எந்திரிச்சு சொன்னாரு. அந்தச் சாறுல ஒண்ணும் கெடையாது, எல்லாம் மனப்பிராந்தி. அசல் சரக்கப் பிரிச்செடுத்ததே 1935லதான்.

நம்மூர்ல லாட்ஜுல ரூம் போட்டு, ‘வாலிப வயோதிக அன்பர்களே’ன்னு கூப்பிட்டு லேகியம் வித்தவங்கள நீயும் பாத்திருப்ப. ஆண்மைய வளக்குறேன்னு மருந்துக்கு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு 1954லயே சட்டம் போட்டாச்சு. போட்டு என்ன, அன்பர்கள் கொறையலையே. சிங்கப்பூர்லேர்ந்து வந்த அன்பர் ஒருத்தர் இப்ப எதிர்ல உக்காந்து டீயை ஆத்திக்கிட்டு இருக்காரு.

அது கெடக்கட்டும். நீ எதுக்கு டெஸ்ட் எடுத்த? அசதியா இருக்குன்னா? எப்ப எடுத்த? சாயங்காலம் நாலு மணிக்கு, பிரியாணி தின்னுட்டு. நல்லா இருக்கு! அது காலையிலதான் உச்சத்துல இருக்கும், பொழுது சாயச்சாய எறங்கும். வெறும் வயித்துல, காலையில, ரெண்டு தனித்தனி நாள் எடுத்து, ரெண்டு தடவையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ இருந்து, ஒடம்புலயும் அறிகுறி இருந்தாத்தான் ஊசியப் பத்தியே பேசணும். உனக்குப் பேசினவன் ஜிம்முல எடை தூக்கறவன். அவன் படிப்பு அவன் புஜத்துல இருக்கு.

இப்ப வேடிக்கையக் கேளு. நம்ம தெரு பட்டுத்தறிய நெனச்சுக்க. மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு முதலாளி உக்காந்திருக்கான். அவன் பாவு அனுப்பினாத்தான் கீழ விதையில தறி ஓடும். நீ வெளியூர்ச் சேலைய லாரியில கொண்டாந்து எறக்கிட்ட. கெடங்கு நெறஞ்சிருக்கேன்னு அவன் பாவு அனுப்பறத நிறுத்திட்டான். தறி நின்னா தறிக்குழி தூந்துதானே போவும்? அதான் விதை சுருங்குது. ஆசை இருக்கும், ஆட்டம் இருக்கும், விந்துல உயிரணு மட்டும் இல்லாமப் போயிடலாம். உலக சுகாதார நிறுவனம் இதே டெஸ்டோஸ்டிரோன வாரம் 200 மில்லிகிராம் போட்டு, ஆம்பளைக்குக் கருத்தடை ஆகுதான்னு சோதிச்சு, ஆகுதுன்னு 1990ல எழுதி வச்சிருக்கு. நீ ரெண்டாவது புள்ளைக்கு நம்மூர் பயறணீசுவரருக்கு வேண்டிக்கிட்டு, அந்தக் கையோட போயி கருத்தடை ஊசி போட்டுக்கிட்டு வந்திருக்க! சாமி யாரு பேச்சக் கேக்கும்?

மொகம் ஏன் இப்படிக் கறுக்குது? நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்கு ஆறு மாசம், ஒரு வருஷத்துல உயிரணு திரும்பிடும். சிலருக்கு ரெண்டு வருஷம் இழுக்கும். முதலாளி கையெழுத்தக் கள்ளத்தனமாப் போடற மாதிரி எச்.சி.ஜி.ன்னு ஒரு ஊசி இருக்கு, அதப் போட்டா தறி ஓடும். கர்ப்பிணிப் பொம்பளைங்க மூத்திரத்துலேர்ந்து பிரிச்செடுத்த மருந்து அது. மீச முறுக்கறவனுக்கு எங்கேர்ந்து ஒத்தாசை வருது பாத்தியா? குளோமிஃபின் மாத்திரையும் உண்டு, அது முதலாளியவே ஏமாத்தி வேலை வாங்கும். ரெண்டையும் டாக்டர் எழுதித் தரணும், நான் தரமாட்டேன், ஜிம்முக்காரனும் தரக் கூடாது.

மாரு வலிக்குது, சட்டை உரசினா கூசுதுன்னு சொன்னியாம். உன் தொப்பை பண்ற வேலை அது. கொழுப்பு இந்த டெஸ்டோஸ்டிரோன்ல கொஞ்சத்த பொம்பளை ஹார்மோனா மாத்திடும். ஒடனே அத ஒடுக்குற மாத்திரைய எவன்கிட்டயாவது வாங்கி முழுங்காத. அது அடியோட கொறஞ்சா ஆம்பளைக்கும் ஆசை கொறையும், எலும்பும் எளைக்கும். அளவ டாக்டர் கொறைப்பாரு, தொப்பைய நீ கொறைக்கணும்.

ஊசி போட்ட ரெண்டாம் நாள் வீட்டுக்குள்ள விசிலடிக்கிற. மூணாம் வாரம் மூலையில சுருண்டு படுத்துக்கிட்டு கேட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழற. உன் பொஞ்சாதி பாவம், எந்த நாள் எந்த ஆள் வருவான்னு காலண்டரப் பாத்துக்கிட்டு நிக்குது. அளவக் கொறைச்சு அடிக்கடி போட்டா இந்த ஏத்த எறக்கம் அடங்கும். இல்லன்னா தோள்ல தடவற ஜெல் இருக்கு. தடவினா கையக் கழுவிட்டு, காஞ்சதும் சட்டைய மாட்டிக்கிட்டு, அப்பறமா புள்ளையத் தூக்கு. சின்னஞ்சிறுசு மேல ஒட்டினா அதுக்கு வயசுக்கு வராத காலத்துலயே முடி மொளைக்கும். அமெரிக்காவுல 2009ல லேபிள்லயே கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னாங்க.

முக்கியமான எடத்துக்கு வரேன், கிட்ட வா. உனக்குச் சர்க்கரை இருக்கு. சர்க்கரை நரம்பையும் ரத்தக் குழாயையும் அரிச்சிருந்தா, ஆசைய இந்த ஊசி கெளப்பும், விறைப்ப அது மட்டும் கொண்டாந்துடாது. அதுக்கு சில்டெனாஃபில் மாதிரி மாத்திரை வேற. ஆனா நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில வைக்கிற நைட்ரேட் மாத்திரை எடுக்கறவன் அதத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் அதல பாதாளத்துக்குப் போயி ஆளே போயிடுவான். ஊசியால ரத்தமும் கெட்டிப்படும். அதக் காட்டுற ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தத் தாண்டினா ஊசிய நிறுத்திட்டுப் பாக்கணும். பி.எஸ்.ஏ.ன்னு புராஸ்டேட்டுக்கும் ஒரு டெஸ்ட் உண்டு. உனக்கு இதுல எத எடுத்தாங்க? அதானே.

அரியலூர்ல 2022லயே மெடிக்கல் காலேஜ் தெறந்தாச்சு. காலையில மொத பஸ்ஸப் புடி. போட்ட ஊசி, முழுங்குன மாத்திரை எல்லாத்தையும் சீட்டுல எழுதிக்க. புள்ள வேணும்கறத வாயத் தெறந்து மொதல்ல சொல்லிடு. பொஞ்சாதியையும் கூட்டிக்கிட்டுப் போ. டாக்டர் கேக்கற கேள்வியில பாதிக்கு நீ பொய் சொல்லுவ, அது சிரிச்சே காட்டிக் குடுத்துடும்.