அந்த வருசத்து ரதி

மாசி மாதம் பூண்டுலோயா பஜாரில் காமன் கூத்தைப் பற்றி வயசானவர்களிடம் வாயைத் திறக்கக்கூடாது. "இந்த வருசம் ரதி நல்லா ஆடுனான் தாத்தா" என்று நாம் சொன்னால் போதும். தேத்தண்ணிக் கிளாசைக் கீழே வைப்பார். மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டுவார். "நீ பாத்தது ரதியா?" என்று தொடங்குவார். நாம் ஏற வேண்டிய தலவாக்கலை பஸ் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

தோட்டத்துக்கு ஒருவர் இப்படி உண்டு. பெரிய தோட்டமென்றால் டிவிசனுக்கு ஒருவர். ஆள்தான் வேறு வேறு, வழக்கு ஒன்றுதான்: அவர் பார்த்த ரதிக்குப் பிறகு ரதியே இல்லை. எந்த வருசம் என்று கேட்டால் இலக்கம் வராது. "சிறிமா பஞ்சத்துக்கு முந்தி", "பழைய தொரை குதிரையிலருந்து விழுந்த வருசம்" என்று அவர் நாட்காட்டி தனி.

கதை லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிவன் தவத்தில் இருக்கிறார், தவத்தைக் கலைக்க மன்மதனை அனுப்புகிறார்கள், ரதி போகாதே என்கிறாள், போகிறான், நெற்றிக்கண்ணில் சாம்பலாகிறான். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றி, பௌர்ணமியில் எரித்து, மூன்றாம் நாள் எழுப்பிவிடுவது வழக்கம். முடிவு தெரிந்த கதைக்கு விடிய விடியக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எதற்கு உட்கார வேண்டும்? யார் எரிகிறார், எப்படி எரிகிறார் என்று பார்க்கத்தான். தஞ்சாவூர்ப் பக்கம் காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுவார்கள். இங்கே அந்த வருசக் கட்சி, இந்த வருசக் கட்சி. முதலாவது கட்சி தோற்றதாக வரலாறு இல்லை.

காரணம் எளிது. சார்ல்ஸ் டிக்கன்சின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலை லயனல் பார்ட் இசை நாடகமாக்கி 1960இல் லண்டன் மேடையில் ஏற்றியபோது, முதல் நடிகர்கள் பாடியதையே இசைத்தட்டாகப் போட்டுவிட்டார்கள். எவராவது அளந்தால் ஊசியை வைத்துக் கேட்டு மடக்கலாம். பூண்டுலோயாவில் இசைத்தட்டும் தாத்தாதான், ஊசியும் தாத்தாதான். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டிப் புத்தகமாக்கினார் என்று சொல்லிப் பாருங்கள். "நம்ம லயத்துக்கு வந்திருந்தாருன்னா புத்தகம் ரெண்டு மடங்கு பெருத்திருக்குமே" என்பார், அவர்மேல் பரிதாபப்பட்டு.

ஸ்கொட்லாந்தில் டன்சினன் என்று ஒரு மலை. ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகத்தில் வரும். இங்கே டன்சினன் என்பது தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரத் தொரைமார் நாடகத்தில் வரும் பேரை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு நாடகத்தைப் போட்டது லயத்துச் சனம்தான்.

தாத்தாவின் கூத்தில் உச்சம் வீரபத்திரன் வருகை. "மலையிலருந்து வர்றான் பாரு, தப்பு அடிக்கிற அடியில கொழுந்தெல்லாம் ஆடுது. காமன் பொட்டலுக்கு நடந்தா வந்தான்? கானுக்குக் கான் தாவுனான்." நான் முதலில் கேட்டபோது வீரபத்திரன் தாண்டியது மூன்று கான். பிறகு ஏழு. இப்போது பதினொன்று. தேயிலை மலையில் மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டி முதுகொடிந்த மனுசன், ஒரு கானுக்கும் அடுத்ததுக்கும் இடையில் எத்தனை அடி என்று தெரியாதவரல்ல. அவர் அந்தக் கூத்தில் என்ன வேசம் கட்டினார் என்று கேட்டால் மட்டும் பேச்சு மழைக்கும் கொழுந்து விலைக்கும் போய்விடும். தீப்பந்தம் பிடித்தவர்.

ஒரேயொரு வருசத்தைப் பற்றிச் சொல்லும்போது அளக்கமாட்டார். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தார்களே, அதில் அவர்களுடைய மன்மதனுக்கும் பேர் வந்துவிட்டது. அந்த மாசியில் ரதி புலம்பியபோது கூத்து மாஸ்டருக்கே அடுத்த அடி எடுத்துக்கொடுக்க வாய் வரவில்லையாம். "மூணாம் நாளு எழும்புனான். நாலாம் நாளு கோச்சி ஏறிட்டான்." தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலைச் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். மன்மதன் கப்பலேறி நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தான். ரதி வேசம் கட்டியவன் இங்கேயே கவ்வாத்து வெட்டினான். சிவன் எரித்தால் மூன்று நாளில் எழுப்பித் தருவார்; அரசாங்கத்திடம் அந்த ஏற்பாடு இல்லை.

மற்ற முறைப்பாடுகள் சில்லறைதான். 2018இல் இந்திய வீட்டுத் திட்டத்தில் டன்சினன் தோட்டத்தில் 404 தனி வீடுகள் கொடுத்தார்கள். வீடு நல்ல வீடுதான், அதில் அவருக்குக் குறையில்லை. "லயம்னா ரதியும் மன்மதனும் ஒரு வாசலோட ஆடிக்கிட்டே இருவது வீடு முடிச்சிருவாங்க. இப்ப வீட்டுக்கு வீடு படியேறி எறங்கணும். எங்க காலத்து ரதி ஏறுவான். இவனுக்கு மூச்சு வாங்குது." இந்த வருச ரதிக்கு இருபத்திரண்டு வயசு. கொழும்பில் கடையில் நிற்கிற பையன், லீவு போட்டுவிட்டு வந்து ஆடுகிறான். தாத்தா முன்வரிசையில் உட்கார்ந்து, அவன் பாட வேண்டிய அடியை ஒரு கணம் முந்தி முணுமுணுப்பார். பையன் அந்த வாயைப் பார்த்துத்தான் பாடுகிறான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் சம்பளம் கேட்பார்.

போன மாசியில் பேரன் ஒரு வேலை செய்தான். எங்கெங்கோ விசாரித்துக் கோத்தகிரி நம்பரைப் பிடித்து, வட்ஸ்அப் வீடியோவில் போட்டுக் கொடுத்தான். பல் போன மன்மதன் ஸ்கிரீன் நிறையச் சிரித்தார். இரண்டு பேரும் ஒரு பாட்டம் அழுது முடித்த பிறகு தாத்தா விசயத்துக்கு வந்தார்.

"மச்சான், நம்ம வீரபத்திரன் பதினோரு கான் தாவுனத இந்தப் பயலுக்குக் கொஞ்சம் சொல்லு. நம்ப மாட்டேங்குறான்."

"எங்கடா தாவுனான்? மொதக் கான்லயே வழுக்கி விழுந்தான்ல! நீதானே பந்தத்தப் போட்டுட்டு ஓடியாந்து தூக்கிவிட்ட!"

தாத்தா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கவரேஜ் இல்ல" என்று பேரனிடம் நீட்டினார். அதில் மன்மதன் தெளிவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாவம், அவனுக்கு வயசாயிருச்சு. ஞாபகம் தப்பிப் போச்சு" என்றார் என்னிடம். "பன்னெண்டு கான், தம்பி."