ஓவியக் கல்லூரித் தம்பி

மாநகரப் பேருந்தில் முதலில் ஒரு பெரிய டிராயிங் போர்டு ஏறும். அதன் பின்னால்தான் தம்பி ஏறுவான். தோளில் ஜோல்னாப் பை, விரலெல்லாம் சார்கோல் கரி. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிக்கப் போனால், "அது லக்கேஜ் இல்லண்ணே, படிப்பு" என்பான்.

எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்த மாதமே தாடி வந்துவிட்டது. அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "வரையத் தெரிஞ்சா எதுக்குடா காலேஜ்? தெரியலேன்னாலும் எதுக்குடா காலேஜ்?" டாக்டருக்குப் படித்திருக்கலாமே என்று அவர் பெருமூச்சு விடும்போது தம்பி அஸ்திரத்தை எடுப்பான்: "எங்க காலேஜை 1850-ல ஆரம்பிச்சதே ஒரு டாக்டர்தான்ப்பா. அலெக்சாண்டர் ஹன்டர்."

"அவரு முதல்ல டாக்டருக்குப் படிச்சிட்டுத்தானேடா ஆரம்பிச்சாரு?"

'அவுட்டோர்' என்றால் ரயில் நிலையம். பிளாட்பாரத்தில் தூங்குகிறவர்தான் உத்தமமான மாடல். கூலி கேட்க மாட்டார், அசைய மாட்டார். விழித்துக்கொண்டால்தான் வம்பு. "என் காது இவ்வளவு பெரிசாவா இருக்கு?" என்பார். இருக்கும். அதை எப்படிச் சொல்வது?

மெரினாவுக்குக் கூட்டிப்போனால் கடல் பக்கம் திரும்ப மாட்டான். உழைப்பாளர் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து, பாறையைத் தள்ளும் அந்த நாலு பேரின் தசைகளையும் நரம்பு விடாமல் விளக்குவான். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அவன் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஆகவே சிலையில் தனக்கும் ஒரு பங்கு உண்டென்று நினைப்பு. பிளஸ் டூ கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவன், கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியத்தில் சமன்பாடுகளைக் கண்டால் கண்கலங்கி நிற்கிறான். (அங்கே யாரும் விடை கேட்பதில்லை என்பதும் காரணமாயிருக்கலாம்.)

விஷுவல் கம்யூனிகேஷன் பிரிவுக்குப் போனதிலிருந்து எழுத்துப் பித்து வேறு. கல்யாணப் பத்திரிகை நீட்டினால் மாப்பிள்ளை பேரைப் பார்க்க மாட்டான். "ஸ்பேசிங் சரியில்லயே மாமா" என்பான். அந்த மாமாதான் அவன் படிப்பைப் பற்றி ஊரெல்லாம் துக்கம் விசாரித்தவர். ஆனால் காதுகுத்து ஃபிளெக்ஸுக்கும், மகளின் ரெக்கார்டு நோட்டில் தவளை வரையவும் தம்பிதான் வேண்டும். கூலி, ஒரு காபி.

போன மாதம் மாடி போர்ஷனுக்கு 'வீடு வாடகைக்கு' என்று ஒரு பலகை எழுதித் தரச் சொன்னாள் அம்மா. தம்பி முதலில் தெருவை ஆராய்ந்தான். பிறகு 'டு'வுக்கும் 'வா'வுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று தாள் தாளாகப் போட்டுப் பார்த்தான். பலகை காய்வதற்குள் புதுக் குடித்தனக்காரர் மாடியில் பால் காய்ச்சிவிட்டார்.

வீணாகவில்லை. ஆண்டுக் கண்காட்சியில் அதை மாட்டினான். பார்த்தவர்களில் இரண்டு பேர் அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டார்களாம்.