வேர்தேடியார்

பாஸ்டன் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா அயர்லாந்தின் கார்க் மாவட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பெயர் எதற்கு? வேர்தேடியார் என்றே வைத்துக்கொள்வோம்.

"வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?" என்று தப்பித் தவறிக்கூடக் கேட்டுவிடக் கூடாது. 1901-ல் எல்லோரும் சௌக்கியமாக இருந்த கதையை ஆரம்பித்துவிடுவார்.

அயர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டாலும் போட்டது, மனிதர் கணினியை விட்டு நகர்வதில்லை. கார்க்கில் மர்ஃபி என்ற குடும்பப் பெயரைத் தட்டினால் மாவட்டமே எழுந்து வந்து நிற்கும். வேர்தேடியார் அசருவாரா? எழுத்துக்கூட்டலை மாற்றுவார், நட்சத்திரக்குறி போட்டுத் தேடுவார், கடைசியில் ஆளைப் பிடித்துவிடுவார். மனைவியின் பிறந்தநாளை மறந்துபோகிறவருக்கு, கொள்ளுத்தாத்தா வீட்டின் முகப்பில் எத்தனை சன்னல், கூரை ஓலையா ஓடா, கொல்லையில் பன்றிக் கொட்டில் உண்டா என்பதெல்லாம் மனப்பாடம். கணக்கெடுக்கப் போன போலீஸ்காரர்கள் இதையும் எழுதி வைத்திருக்கிறார்களே!

ஒரே ஒரு சிக்கல். கொள்ளுத்தாத்தாவுக்கு 1901-ல் வயது 58, 1911-ல் 71. பத்து வருஷத்தில் பதின்மூன்று வயது எப்படி ஏறும்?

இந்த இடத்தில்தான் வேர்தேடியார் நாற்காலியை நம் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார். 1908-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 70 வயது நிரம்பினால் வாரம் 5 ஷில்லிங் வரை கிடைக்கும். அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் பதிவு செய்யத் தொடங்கியதே 1864-ல்தான். கிழவர்கள் சான்றிதழுக்கு எங்கே போவார்கள்? 1839 ஜனவரியில் அடித்த பெரும்புயல் ஞாபகமிருக்கிறது என்று சாதித்து வயதை நிரூபித்தவர்களும் உண்டு. 'நமக்கு மட்டும் என்ன குறைச்சல்?' என்று கொள்ளுத்தாத்தாவும் மூன்று வயதைக் கூட்டிக்கொண்டுவிட்டார்.

"என்ன சாமர்த்தியம் பாருங்கள்!" என்று பூரித்துப்போவார் வேர்தேடியார். அதே சாமர்த்தியத்தோடு பேரன் வயதைக் கூட்டிச் சொல்லி இணையத்தில் கணக்குத் தொடங்கியபோது மட்டும் அரைமணி நேரம் நீதிபோதனை நடந்தது. பொய் சொன்னவர் செத்து ஐம்பது வருஷமாவது ஆகியிருந்தால்தான் அவரிடம் மன்னிப்பு உண்டு.

கொள்ளுத்தாத்தாவுக்கு முந்திய தலைமுறையைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள், கண் கலங்கிவிடும். 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாயின. அதற்கும் பழையவற்றில் பெரும்பகுதி 1922-ல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் போயிற்று. சொந்த அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதைப் பற்றி இத்தனை வருத்தம் அவரிடம் யாரும் பார்த்ததில்லை.

இப்போது காலையில் நடைப்பயிற்சி, ராத்திரிக்கு ஓட்ஸ் கஞ்சி என்று உடம்பைப் பேணி வருகிறார். அமெரிக்காவில் கணக்கெடுத்து 72 ஆண்டு கழித்தே பெயர் விவரங்களைத் திறப்பார்கள். 1950-க்கானது 2022-ல் வந்தது; 1960-க்கானது 2032 ஏப்ரலில் வரும். குழந்தையாக அதில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டுமாம்.

அவர் மனைவிக்குத்தான் இதில் உற்சாகமே இல்லை. அந்தப் படிவம் வெளியே வந்தால், அவரும் அவர் சகோதரியும் நிற்கையில் யார் அக்கா, யார் தங்கை என்பது ஊருக்கே தெரிந்துவிடுமல்லவா?