நிரையும் பட்டையும்: ஈப்போ வீடுகளில் டிரெட்மில் குறித்து ஓர் ஆய்வு

டிரெட்மில் என்பது ஈப்போ தாமான் வீடுகளுக்குப் புதிதாக வந்த பொருள் என்று நினைப்போர் பலர். இக்கட்டுரை அதை மறுக்கிறது. இயந்திரம்தான் புதிது. அதன்மேல் நடக்கும் ஒழுங்கு, பேராக் தமிழர் தலைமுறைகளாகப் பழகிய பால்மரக் காட்டின் ஒழுங்கே என்பது இங்கு நிறுவப்படும். மறுப்போர் முதலில் ஒரு மாதம் நடந்துவிட்டு வரவும்.

முதலில் மூலம். 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர், சிறைக் கைதிகள் சும்மா உட்கார்ந்திருப்பதைக் காணப் பொறுக்காமல், முடிவில்லாத படிக்கட்டுப் போலச் சுழலும் சக்கரம் ஒன்றைச் செய்தார். கைதிகள் மணிக்கணக்கில் ஏறினார்கள். எங்கும் போய்ச் சேரவில்லை. 1898ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. 1950களில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புரூஸ் என்ற மருத்துவர், ஓடும் பட்டையின் மேல் ஆட்களை நடக்கவிட்டு இதயத்தைச் சோதித்தார். 1960களின் இறுதியில் வில்லியம் ஸ்டாப் என்பவர் வீட்டுக்கென ஒன்றைச் செய்தார். இவ்வாறு தண்டனை சோதனையாகி, சோதனை மாதத் தவணையாயிற்று.

பேராக் பக்கம் வருவோம். 1877இல் ஹியூ லோ பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தபோது கோலகங்சாருக்கு ரப்பர் கன்றுகள் வந்தன. அக்காலத்து மரம் ஒன்று அவ்வூரில் இன்றும் நிற்கிறது. அந்த மரத்தின் இனத்துக்காகத்தான் பின்னாளில் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் கட்டினார்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு யாரையும் கட்டவில்லை. காலையில் நானூறு, ஐந்நூறு மரம். நிரை என்னும் மரவரிசையில் மரத்துக்கு மரம் நடை, குனிவு, வெட்டு. பிறகு பால் வாளியோடு ஸ்டோருக்கு நடை. பின்னர் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின, சனம் ஈப்போவின் புந்தோங்குக்கும் குனோங் ராப்பாட்டுக்கும் குடியேறியது. கையிலிருந்த உளி போனது, காலிலிருந்த நிரை போனது. தட்டிலிருந்த சோற்றின் அளவு மட்டும் போகவில்லை. நோய்க்கூறு இதுவே.

இனி ஒப்பீடு. ரப்பர் மரத்தை எப்போது வெட்டத் திறப்பது என்பதற்குத் தோட்டத்தில் அளவுகோல் உண்டு: அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 50 சென்டிமீட்டரை எட்ட வேண்டும். வயதைவிடச் சுற்றளவுக்கே அங்கு மதிப்பு. ஆசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தொட்டால் கவனம் வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. ஆக மனிதனும் சுற்றளவு பார்த்துத்தான் திறக்கப்படுகிறான். மரத்தைத் திறந்த அன்று தோட்டத்தில் மகிழ்ச்சி. மனிதனைத் திறந்த அன்று வீட்டில் ஒரே பேச்சு.

நேரம் பற்றி ஒரு குழப்பம் நிலவுகிறது. விடிகாலைக் குளிரில் மரத்துக்குள் அழுத்தம் கூடியிருப்பதால் பால் நன்றாக ஓடும். அதனால்தான் இருட்டோடு பிரட்டுக்கு, அதாவது பேர் போடும் வரிசைக்கு, நின்றார்கள். மனிதனுக்கு இந்த விதி கிடையாது. மாலையில் நடந்தாலும் கொழுப்பு கோபித்துக்கொள்ளாது. ஆயினும் புதிதாக டிரெட்மில் வாங்கியவர் ஒவ்வொருவரும் ஐந்தரை மணிக்கே அலாரம் வைக்கிறார். இதற்கு அறிவியல் காரணம் இல்லை, பரம்பரைக் காரணம் உண்டு. மூன்றாம் வாரம் அலாரம் அடிக்கும், பிரட்டுக்கு ஆள் வராது.

தொடக்கக்காரர் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டரில் கால் மணி நேரம் நடந்தால் போதும். கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்து இறங்க வேண்டும். கைப்பிடியை இறுகப் பற்றினால் உழைப்பில் ஒரு பங்கைக் கைப்பிடியே செய்துவிடும். சட்டையில் மாட்டும் சிவப்புக் கயிறு முக்கியம்: ஆள் பின்னால் சரிந்தால் அது பிடுங்கிக்கொண்டு பட்டை நிற்கும். கங்காணி ஒருபோதும் இந்த வசதியைச் செய்து தந்ததில்லை.

களத் தகவல் ஒன்றும் உண்டு. சுங்கை சிப்புட் பக்கம் பால் வெட்டிய ஒரு பாட்டி, பேரன் டிரெட்மில்லில் வியர்த்து நடப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன்யா, பாலும் எடுக்கல, பேரும் போடல, சம்பளம் எவன்யா குடுப்பான்?” இக்கேள்விக்கு ஆய்வுலகில் இன்னும் விடை இல்லை.

பாட்டி சொன்ன இன்னொன்று அறிவியலோடு ஒத்துப்போகிறது. ஒரே மரத்தைத் தினமும் வெட்டமாட்டார்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆசைப்பட்டு வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். புதிதாக நடப்பவரின் முழங்காலுக்கும் இதே நீதி. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்புக் கேட்கிறது. அதை முதல் வாரத்திலேயே கொடுத்துத் தீர்க்க நினைப்பவர், இரண்டாம் வாரம் சோபாவில் காய்ந்து கிடப்பார்.

எடை பார்க்கும் படலம் தனி நூலுக்கு உரியது. ஸ்டோரில் பாலை நிறுத்து, மெட்ரோலாக் கருவியை அதில் மிதக்கவிட்டு ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். யாராவது ஆற்றுத் தண்ணீரைக் கலந்திருந்தால் கணக்கெழுதும் கிராணிக்குத் தெரிந்துவிடும். குளியலறைத் தராசுக்கு அந்தக் கூர்மை இல்லை. முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதை நம்பி ஆள் மாமாக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார். எழுபது கிலோ ஆள் மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் அரைமணி நடந்தால் சுமார் 120 கலோரி. ஒரு ரொட்டி சானாய் சுமார் 300. அதாவது ஒரு ரொட்டிக்கு ஒன்றேகால் மணி நேர நடை. குழம்பும் தே தாரிக்கும் தனிக் கணக்கு. 2023ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள் என்று தெரிந்தபோது, வியந்தவர்கள் மாமாக் கடைக்குப் போகாதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

எஞ்சியது மழை. மரம் நனைந்தால் வெட்டு இல்லை. தோட்டத்தில் அது கூலியும் இல்லாத நாள். போலோ மைதானத்தில் மாலை நடை போனவர்களை மழை விரட்டியதால்தான் பலர் டிரெட்மில்லே வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் விபரீதம் புரிந்தது: இனி மழை பெய்தாலும் வெட்டு உண்டு. இந்தக் கொடுமையை எந்தத் தோட்டத் தொரையும் செய்ததில்லை. நல்லவேளையாகக் கிந்தா பள்ளத்தாக்கில் மழை தனியாக வருவதில்லை, இடியோடு வரும். இடி இடித்தால் மின்சாமான்களின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் சட்டம். வானம் லேசாக உறுமியதுமே குடும்பத் தலைவர் பாய்ந்து போய் முதலில் பிடுங்குவது டிரெட்மில் பிளக்கைத்தான். ஃபிரிட்ஜ் பிறகு.