நனைபடலம்: லைனிங் துணியை முன்நனைத்தல் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போகிறவரிடம் தையல்காரர் மூன்று கேள்வி கேட்பது மரபு. அளவு பிளவுஸ் இருக்கா? என்னைக்கு வேணும்? லைனிங் நனைச்சதா? முதல் கேள்விக்குப் பையிலிருந்து ஒரு பழைய ரவிக்கை விடையாக வெளிவரும். இரண்டாவதற்கு, கல்யாணத் தேதியை நான்கு நாள் முன்னுக்குத் தள்ளி ஒரு பொய் சொல்லப்படும். தையல்காரரும் அதற்கேற்ற எதிர்ப்பொய்யைத் தயாராக வைத்திருப்பார். மூன்றாவது கேள்விதான் தத்துவச் சிக்கல். திணைக்கும் துறைக்கும் யாப்புக்கும் எண்ணற்ற முனைவர் பட்டங்கள் தந்த நாட்டில், லைனிங்குக்கு ஒன்றாவது தரப்பட்டிருக்குமா என்பது ஐயமே. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

வரையறை: லைனிங் என்பது ரவிக்கையின் உட்புறம் மறைந்திருந்து, வெளித்துணிக்கு வரும் வியர்வையையும் இழுவையையும் தான் வாங்கிக்கொள்ளும் பருத்தித் துணி. மேட்சிங் சென்டரில் 80 சென்டிமீட்டரோ 1 மீட்டரோ கிழித்துத் தருவார்கள். நனைத்தல் என்பது அதை வெட்டுவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் கொடியில் போட்டு, காய்ந்தபின் இஸ்திரி போடுதல். கடைக்குக் கொண்டுபோகும் வழியில் மழையில் நனைந்தது இவ்வரையறையுள் அடங்காது.

2. பூர்வபட்சம்

இப்பொருளில் மூன்று கட்சிகள் உள. நனைப்பார், நனையார், தெளிப்பார்.

நனையார் கூறுவது: “சுருங்காது என்று கடைக்காரரே சொன்னார்.” அற்றன்று. சாயம் போகாது என்று சொன்னவரும் அவரே. மேலும் கூறுவர்: “புதுத்துணி கஞ்சியோடு விறைப்பாக நிற்கும். சாக்பீஸால் கோடு போட்டால் கோடு நிற்கும், கத்திரி நேராக ஓடும். நனைத்த துணி துவண்டுவிடும், ஓரமெல்லாம் நூல் பிரியும்.” இது வலுவான வாதம், ஒப்புக்கொள்கிறோம். எனினும் அது இஸ்திரிப் பெட்டியால் தீரும் குறை. நனையாமையால் வரும் குறையோ பிரித்துத் தைத்தாலன்றித் தீராது.

தெளிப்பார் நடுநிலைக் கட்சியினர். துணிமேல் கையால் தண்ணீர் தெளித்து, சூடாக இஸ்திரி போட்டு, ‘சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிவிட்டது’ என்பர். விரதநாளில் சோற்றை விலக்கிவிட்டு ஆறு இட்லி சாப்பிடுவதைப் போன்றது இது. மனத்துக்கு நிறைவு உண்டு, துணிக்குப் பாதிப்பயன்தான்.

3. பொருளியல்பு

உயிருக்கு மும்மலம் என்பது சைவ சித்தாந்தம். துணிக்கும் மும்மலம் உண்டு என்பது எம் துணிபு. அவை கஞ்சி, இழுப்பு, சாயம்.

நெசவில் பாவு நூல் அறுந்துவிடாதிருக்கக் கஞ்சி ஏற்றுகிறார்கள். தறியில் அந்நூல் இழுத்துக் கட்டிய நிலையில் நிற்கிறது. அதன்பின் வெளுக்கும் இடத்திலும் சாயமேற்றும் இடத்திலும் இயந்திரங்கள் துணியை இழுத்துக்கொண்டே ஓடுகின்றன. நாம் கடையில் தொட்டுப் பார்ப்பது இழுத்துப் பிடித்த துணியை. தண்ணீர் பட்டதும் பஞ்சிழை ஊதுகிறது, நூல் தடிக்கிறது. தடித்த ஊடைநூலைச் சுற்றிவர பாவு நூல் முன்னைவிட அதிகம் வளைய வேண்டும். வளைவுக்குப் போன நீளம் துணியில் குறைகிறது. ஆகவே சுருக்கம் பெரும்பாலும் பாவின் திசையில், அதாவது துணியின் நீளவாக்கில் மிகுதி.

சாதாரணப் பருத்தித் துணி 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்குவது அரிதன்று. 15 அங்குல உயரத்தில் 4 விழுக்காடு போனால் அரை அங்குலத்துக்கும் மேல். 36 அங்குலச் சுற்றளவில் 3 விழுக்காடு போனால் ஓர் அங்குலத்துக்கும் மேல். வேட்டியில் ஓர் அங்குலம் போனால் யாருக்கும் தெரியாது. ரவிக்கையில் போனால் மேல் ஊக்கு சொல்லும்.

இழுப்பு என்னும் இம்மலத்தை ஆலையிலேயே போக்க வழிகண்டவர் அமெரிக்காவின் சான்ஃபோர்டு க்ளூயெட். துணியை ஈரமாக்கி, நெகிழும் பட்டையோடு சேர்த்து அழுத்தி, பின்னால் சுருங்க வேண்டியதை முன்னாலேயே சுருக்கிவிடும் அவருடைய முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் பெயராலேயே அது சான்ஃபரைசிங் எனப்படுகிறது. ஆரோ சட்டைக் கம்பெனியைச் சேர்ந்தவர் அவர். சட்டைக்குக் கிடைத்த அந்த முக்தி, மீட்டர் கணக்கில் கிழித்துத் தரும் லைனிங்குக்கு எல்லாக் கடையிலும் கிடைத்துவிடுவதில்லை.

மூன்றாவது மலமாகிய சாயத்துக்கு வருவோம். நேரடிச் சாயங்கள் பஞ்சோடு தளர்வாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். 1956இல் சந்தைக்கு வந்த வினைச்சாயங்கள் இழையோடு வேதிப்பிணைப்பால் சேர்பவை. ஆனால் சேராமல் தங்கிய மிச்சம் முதல் தண்ணீரில் வெளியேறத்தான் செய்யும். பக்கெட்டில் சிவப்பு லைனிங்கை அமுக்கிப் பாருங்கள். முதலில் துணி காற்றை ஊதிக்கொண்டு மிதக்கும். கையால் அழுத்த, குமிழி குமிழியாக மூச்சு விட்டு அடங்கும். தண்ணீர் முதலில் கஞ்சியால் கலங்கும். பிறகு ரோஸ் மில்க் நிறத்துக்கு வரும். அந்த ரோஸ் மில்க் பக்கெட்டில் தங்காமல் சந்தன நிறப் பட்டு ரவிக்கையின் அக்குளில் இறங்கியிருந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர் கற்பனைக்கு விடுகிறோம்.

கல்லுப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பது வழிவழி நம்பிக்கை. சாயத்தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. சாயத்தை நூலுக்குள் தள்ள அது உதவும். வீட்டுப் பக்கெட்டில் அதே உப்பு சாயத்தை நிரந்தரமாகப் பூட்டிவிடுவதில்லை. சாயம் போவதையே பெருமையாக்கியவர்களும் உளர். அமெரிக்காவில் ஒரு காலத்தில் மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டைத்துணி, துவைக்கத் துவைக்க நிறம் ஒன்றோடொன்று கலந்து இறங்கும் என்ற உத்தரவாதத்தோடேயே விளம்பரமாகி விலைபோயிற்று. அந்த உத்தரவாதம் நமக்கு யாரும் எழுதித் தராமலே கிடைத்துவருகிறது.

4. ஒப்பியல் நோக்கு

அமெரிக்கர்கள் துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு விரித்து, க்வில்ட் என்னும் போர்வை தைப்பர். அவருள்ளும் நனைப்பார், நனையார் என இருகட்சி உண்டு. 5 அங்குலச் சதுரங்களாக முன்வெட்டியே விற்கப்படும் துணிகளை நனைத்தால் ஓரம் பிரிந்து அளவு கெடும் என்பதால், அவற்றை நனைக்காமல் தைப்பவரே மிகுதி. தைத்து முடித்த பிறகு துவைக்கிறார்கள். உள்ளிருக்கும் பஞ்சும் துணியும் சுருங்கி, போர்வை முழுக்கச் சிறுசிறு சுருக்கம் விழும். பாட்டி காலத்துப் போர்வைபோல் இருக்கிறது என்று அதைக் கொண்டாடுகிறார்கள். அங்கே சுருக்கம் அழகு. இங்கே அதே சுருக்கம் ஆர்ம்ஹோலில் விழுந்தால் வழக்கு.

வங்காளத்துக் காந்தாவுக்கு இச்சிக்கலே இல்லை. பல ஆண்டு உடுத்துத் துவைத்த பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைப்பது அது. நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டித்துணி தேடுவதும் இம்மரபே. சுருங்கவும் சாயம்விடவும் அதில் மிச்சம் ஒன்றும் இராது.

இவ்வொப்பீட்டால் பெறப்படுவது: தனித்துணி சுருங்குவது குற்றமன்று. ஒன்று சுருங்க, அதனோடு சேர்த்துத் தைத்த மற்றொன்று சுருங்காதிருப்பதே குற்றம். பட்டு அப்படியே நிற்க, லைனிங் மட்டும் உள்ளே குறுகினால், மேல்துணி உப்பலும் மடிப்புமாகத் தொங்கும். இரண்டும் ஒருமிக்கச் சுருங்கினால் ரவிக்கை அழகாகவே இருக்கும். போட மட்டும் முடியாது.

5. கள ஆய்வு

உரையாடல் மாதிரி:

“லைனிங் நனைச்சதாக்கா?”

“ம்ம்… நனைச்ச மாதிரிதாண்ணே.”

“மாதிரின்னா?”

“நீங்க உள்ள கொஞ்சம் கூடப் பிடிச்சு விட்டுடுங்க.”

“ஒரு இஞ்சு விட்டிருக்கேன். பத்தலேன்னா பிரிச்சு விட்டுக்கலாம்.”

கவனிக்க: இதில் ஒருவரும் துணியைப் பற்றிப் பேசவில்லை. ஆறு மாதம் கழித்து நடக்கப்போகும் ஒரு வழக்குக்கு இருதரப்பும் இப்போதே முன்ஜாமீன் எடுக்கின்றன. அன்று ரவிக்கை இறுக்கிப் பிடிக்கும். குற்றம் சாட்டப்படக்கூடியவர் மூவர்: தவறாக வெட்டிய தையல்காரர், சுருங்கிய லைனிங், பெருத்த உடம்பு. “நனைச்சீங்களா” என்று கேட்டு வைத்ததால் முதலாமவர் விடுதலை. மிஞ்சியவர் இருவர். லைனிங் நனையாததாயின் பழி முழுவதும் அதன்மேல் விழும். அது மறுபேச்சுப் பேசாது. லைனிங்கை நனைத்தே கொடுத்திருந்தால்? கூண்டில் எஞ்சுவது ஒரே ஒருவர். அவர் கண்ணாடிமுன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்.

நனையாமைக்குச் சோம்பல், அவசரம், மறதி என்று அறிஞர் கூறும் காரணங்கள் மேலோட்டமானவை. எதிர்காலத்துக்கு ஒரு சாட்சியைக் கெடாமல் வைத்துக்கொள்ளும் ஆழ்ந்த முன்யோசனையே அதன் உண்மைக் காரணம் என்க.

6. சித்தாந்தம்

இதுகாறும் கூறியவற்றால் போந்த நூற்பா ஒன்று:

நனைத்து வெட்டுக; வெட்டி நனைத்தல் வெட்டி.

உரை: துணியை நனைத்தபின் வெட்ட வேண்டும்; வெட்டியபின் நனைப்பது வீண்வேலை என்றவாறு. ‘நனைத்து’ என்றதனால் முழுக்க முக்குதல் பெறப்படும்; தெளித்தல் விலக்கப்பட்டது. சேலை ஃபால்ஸுக்கும் இதுவே விதி. நனைக்காமல் வைத்துத் தைத்த ஃபால்ஸ் முதல் துவைப்பில் குறுகி, சேலையின் அடி ஓரத்தை அலை அலையாக இழுத்துவிடும். ஆனால் ஃபால்ஸை நனைக்காத எவரையும் யாம் கண்டதில்லை. ஃபால்ஸ் சுருங்கினால் உடம்பின்மேல் யாரும் சந்தேகப்படப் போவதில்லை அல்லவா!

ஆகவே எம் தீர்ப்பு: ரவிக்கை நன்றாக அமைய வேண்டுவோர் லைனிங்கை நனைத்தே கொடுக்க. இரண்டு வருடத்தில் ஐந்து கிலோ கூடும் உத்தேசமுள்ளோர் நனையாது கொடுக்க. கொடுத்ததை மறவாது நினைவிலும் வைக்க.