ஒரிஜினல்காரர்

பழைய கார் கண்காட்சியில் ஒரிஜினல்காரரைக் கண்டுபிடிப்பது எளிது. மற்றவர்கள் காருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இவர் காருக்கு அடியில் இருப்பார். வெளியே தெரிவது செருப்புக் கால்கள் மட்டும். சொந்தக் கார் ஒன்று உண்டு. அது ஓடாது.

அவர் கொண்டுவரும் கருவிகள் இரண்டு: டார்ச் லைட், துணி சுற்றிய காந்தம். காந்தத்துக்கே முதல் மரியாதை. பானட், மட்கார்டு, கதவு, டிக்கி என்று காரை வலம் வந்து அங்குலம் அங்குலமாக ஒட்டிப் பார்ப்பார். தகட்டில் அது பச்சென்று பிடித்துக்கொண்டால் முகம் வாடும், வழுக்கினால் மலரும். வழுக்குகிற இடத்தில் பெயின்டுக்கு அடியில் கனமாகப் பட்டி இருக்கிறது, அதாவது கார் எப்போதோ அடி வாங்கியிருக்கிறது என்று பொருள். இதை அவர் உரிமையாளரின் காதோடு சொல்வதில்லை. மனைவி, மாமனார் அனைவரும் வந்து சேரும்வரை காத்திருந்து, "பட்டி" என்று அறிவிப்பார். மட்கார்டே ஃபைபராக இருந்து காந்தம் தரையில் விழுந்துவிட்டால், அன்று எல்லோருக்கும் அவர் செலவில் காபி.

மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அவருடைய தனிப் பிரியம். அதன் பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். என்ஜினும் முன்சக்கரங்களும் பளிச்சென்று தெரியும். எதையும் ஒளிக்க முடியாது. சேஸிஸ் தனி, பாடி தனி, பாடியிலும் பல பகுதிகள் போல்ட்டில் முடுக்கியவை. ஒவ்வொரு போல்ட்டும் அங்குல அளவா, மில்லிமீட்டர் அளவா என்று தனித்தனியே விசாரணை நடக்கும்.

"தம்பி, ஹாரன் மாத்திட்டீங்க."

"பழசு அடிக்கலை சார்."

"அடிக்காட்டி என்ன? ஒரிஜினலா இருந்ததே!"

உலக ஞானமும் உண்டு. 1954ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஃபெராரி ஒன்று விபத்தில் எரிந்து, நசுங்கிய தகரக் குவியலாகக் கிடந்தது. 2023ல் அமெரிக்காவில் ஏலத்தில் 18.75 லட்சம் டாலருக்குப் போனது. கருகினாலும் ஒரிஜினல் கருகல் என்பது இவர் தீர்ப்பு. லெ மான் பந்தயத்தை 1929, 1930 இரு ஆண்டுகளும் வென்ற பென்ட்லி, 'ஓல்டு நம்பர் ஒன்', 1990ல் லண்டன் உயர் நீதிமன்றம் ஏறியது. ஒரு கோடி பவுண்டு பேசி வாங்க முன்வந்த நிறுவனம், இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்கியிருந்தது. பந்தயத்தில் ஓடிய காரிலிருந்து கியர்பாக்ஸ் கூடு, ஸ்டியரிங் தண்டு போன்ற சிலவே மிஞ்சியிருந்தன. ஒரிஜினல்காரர் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். மாற்றங்கள் படிப்படியாக, தொடர்ச்சியாக நடந்திருப்பதால் அது ஓல்டு நம்பர் ஒன்தான் என்று நீதிபதி சொன்னதை அவர் வாயிலிருந்து கேட்டவர் இல்லை.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012ல் ஏற்ற டுரின் சாசனமும் அவருக்கு மனப்பாடம், ஒரு பகுதி தவிர. வண்டி புழக்கத்தில் இருந்த காலத்தில் நடந்த மாற்றங்களும் அதன் வரலாறே, அவற்றை அழித்துப் பழையபடி ஆக்க வேண்டியதில்லை என்று சொல்லும் பகுதி அது.

இந்தியாவில் அந்தப் பகுதியே முக்கியம். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த நாட்களில் உதிரிபாகம் எளிதில் வராது. வண்டிகளை ஓட வைத்தவை மெட்ராஸ் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளும் லேத் பட்டறைகளும். லாரி மோதி அப்பளமான மட்கார்டுக்குப் பதிலாக, வெறும் தகட்டை மணல் மூட்டைமேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டி வளைவு எடுப்பார் டிங்கர். வரைபடம் கிடையாது. மறுபக்கத்து மட்கார்டைத் தடவிப் பார்த்து அந்த வளைவை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். நாள்கணக்கில் பிடித்த அந்த வேலைக்கு ஒரிஜினல்காரர் தரும் பெயர் 'டூப்ளிகேட்'. இது அநியாயம். டிங்கர் தட்டியிராவிட்டால் காந்தம் ஒட்டிப் பார்க்க இன்று கார் ஏது?

ஒரிஜினல்காரரின் சொந்த ஹெரால்டு தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. முன்பக்கம் நசுங்கியது, கம்பெனி பானட் கிடைக்கும்வரை கைவைக்கக் கூடாது என்பது உத்தரவு. காத்திருப்பில் தரைத் தகடு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்செடுக்க யாருக்கும் அனுமதி இல்லை.

இத்தனை இருந்தும் அவரை விட்டுவிட முடியாது. ஒரு கதவுக் கைப்பிடி முந்தைய மாடலுடையதா, பிந்தையதா என்று தொட்டே சொல்லிவிடுவார். ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாலும் எந்தக் கடையில், எந்த அலமாரியில் எந்தப் பாகம் கிடக்கிறது என்ற விவரம் வரும், திட்டோடு சேர்த்து. கண்காட்சிக்கு வண்டி கொண்டுவருகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே: எங்கெங்கே பட்டி இருக்கிறது என்று முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். கண்டுபிடிக்க ஒன்றுமில்லாத காரில் அவருக்கு வேலை இல்லை. அடுத்த காருக்குப் போய்விடுவார்.